‘கொசு’ என்று சேமித்த எண்

என் தோழி இறந்த செய்தி எனக்கு வந்தது கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஆறாவது ஆளாக யாரோ போட்டிருந்த ஒரு கும்பிடும் கை படமாக. முதலில் யாருடைய அப்பாவோ அம்மாவோ என்று நினைத்தேன். எங்கள் வயதில் அந்தக் குழுவில் வரும் சாவுச் செய்திகள் பெரும்பாலும் அப்படித்தான். மேலே தள்ளிப் பார்த்தால் அவள் பெயர் இருந்தது. அப்போது காலை 11.40. அவள் போனது அன்று அதிகாலை நான்கு மணிக்கு. மூளையில் ரத்தக்கசிவு. வயது 47. முப்பது வருடப் பழக்கம், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பேசிவிடுவோம், ஆனால் எனக்குத் தெரிய ஏழரை மணி நேரம் ஆகியிருக்கிறது. எனக்கு முன்னால் தெரிந்தவர்களில் இரண்டு பேர் கல்லூரி முடிந்து அவளோடு ஒரு வார்த்தை கூடப் பேசாதவர்கள். இப்போது யோசித்தால் அற்பமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அழுகைக்கு முன்னால் வந்தது இந்தப் பொறாமைதான்.

ஏன் ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை என்ற கோபத்தை இரண்டு மாதம் மனதில் வைத்திருந்தேன். பிறகு அவள் கணவரே ஒரு நாள் சொன்னார். “உங்க நம்பரைத்தாங்க முதல்ல தேடினேன். அவ போன்ல உங்க பேர்ல எதுவுமே இல்ல.” இருக்காதுதான். அவள் போனில் என் பெயர் ‘கொசு’. ஹாஸ்டலில் ராத்திரி அவளைத் தூங்கவிடாமல் காதருகே பேசிக்கொண்டே இருப்பேன் என்று முதல் வருடம் வைத்த பெயர். செல்போன் வாங்கிய நாளிலிருந்து எந்த போன் மாற்றினாலும் அதே பெயரில்தான் சேமிப்பாள். அவள் கணவருக்கு என் நிஜப் பெயர் தெரியும், முகம் தெரியும், எங்கே வேலை பார்க்கிறேன் என்பதுகூடத் தெரியும். எண் மட்டும் தெரியாது. எனக்கும் அவர் எண் தெரியாது. முப்பது வருடத்தில் அது எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. இதைப் படிப்பவர்கள் முதலில் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். உங்கள் நெருங்கிய நண்பரின் வீட்டில் இன்னொருவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் எண்ணை உங்கள் நிஜப் பெயரோடு அவர்களிடம் கொடுங்கள். செல்லப்பெயரில் சேமிக்கும் பழக்கம் இருந்தால் அதன் பக்கத்தில் நிஜப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கும்.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை, ஆனால் பேசியிருக்கிறேன், குறிப்பேட்டில் என் பெயரில் மூன்று வேலைகள் இருந்தன. மீட்டிங் முடிந்து லீவுக்கு விண்ணப்பிக்கப் போனால், துக்க விடுப்புப் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டம். அதை அழுத்தினால் அப்பா, அம்மா, கணவன்/மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். அவ்வளவுதான். அந்தப் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. பிறகு அதை மூடிவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு நாள் சாதாரண விடுப்பு எடுத்தேன். பொய் சொன்னதால் திரும்பி வந்த பிறகும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. “காய்ச்சல் பரவாயில்லையா?” என்று கேட்டவர்களிடம் பரவாயில்லை என்று தலையாட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கணக்கை இன்னொருவருக்கு அனுப்பி, அதற்காக விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அப்போதும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-லேயே இந்த மாதிரி துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று சொல்லலாம். ஒருவருக்கு இழப்பு நிஜமாகவே நடந்திருக்கும், ஆனால் அழும் உரிமை உள்ளவர்கள் என்று மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் அவர் இருக்க மாட்டார். படித்தபோது அந்தப் படிவத்தின் கட்டம்தான் கண்ணில் வந்தது. அதே நாட்களில் சங்கப் புலவர் பொத்தியாரும் நினைவுக்கு வந்தார். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது பிசிராந்தையார் தேடி வந்து உடனிருந்து உயிர்விட்ட கதைதான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பொத்தியாரும் அவன் நண்பர்தான். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். நண்பன் போன பிறகும் வீட்டுக்குத் திரும்பி, அடுத்த நாள் வேலைகளைப் பார்க்க வேண்டியிருந்த ஆள் அவர். கடைசியில் அவரும் நடுகல்லிடம் திரும்பி வந்து, தானும் உயிர்விட இடம் கேட்டார் என்பது வேறு. நான் யோசித்தது இடையில் இருந்த அந்த நாட்களைப் பற்றி.

லீவு விஷயத்தில் இப்போது என்னிடம் யாராவது கேட்டால், பொய் சொல்லாதீர்கள் என்பேன். நேர்மைக்காகச் சொல்லவில்லை, பொய் சொன்னால் இரண்டு நாளோடு அனுமதி முடிந்துவிடுகிறது. நேரடி மேலாளரிடம் ஒரே வரியில், “என் மிக நெருங்கிய தோழி இறந்துவிட்டாள், அடுத்த மூன்று வாரம் நான் சரியாக இருக்க மாட்டேன், என் வேலையை இன்னொருவர் ஒருமுறை சரிபார்த்தால் நல்லது” என்று சொல்லியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. எனக்கு அதிகம் தேவைப்பட்டதும் லீவு இல்லை, அந்தச் சரிபார்ப்புதான்.

அவள் வீட்டில் என்ன நடந்தது என்று அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் “நீங்க யாரும்மா?” என்று கேட்டார். “ஃப்ரெண்டு” என்றேன். சரி என்று வேறு பக்கம் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் நின்றேன்.

நான் நிஜமாகவே இழந்தது அதற்குப் பிறகுதான், அதுவும் என் கவனக்குறைவால். மூன்று வருடம் முன்பு ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஐபோனுக்கு மாறியிருந்தேன். கூகுள் டிரைவில் இருந்த வாட்ஸ்அப் பேக்கப் ஐபோனில் திறக்காது என்பது மாறிய பிறகுதான் தெரிந்தது. சரி, பழைய போனில்தான் எல்லாம் இருக்கிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நடுவில் ஒரு முறை தண்ணீர் பட்டு அந்த போன் செத்துப்போனது. புதிய போனிலோ, இடம் நிறைகிறது என்று அவளே சொல்லி, எங்கள் உரையாடலில் 90 நாளில் தானாக மறையும் வசதியைப் போட்டிருந்தோம். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு உண்டு. பெரியதைத்தான் தேர்ந்தெடுத்தோம், தாராளமாக.

அவள் போன முதல் வாரம் எனக்கு அந்த உரையாடலைத் திறக்கவே தைரியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி திறந்தேன். என் பிறந்தநாளுக்கு அவள் சுருதி இல்லாமல் பாடி அனுப்பிய ஒரு குரல் பதிவு உண்டு, அதைக் கேட்கத்தான். மேலே தள்ளினேன், தள்ளினேன், பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டேன். என் பிறந்தநாள் முடிந்து அன்றோடு 95 நாள். அவள் இறந்த நாளில் அந்தப் பதிவு 86 நாள் வயதோடு பத்திரமாக இருந்திருக்கிறது. முதல் நான்கு நாளுக்குள் திறந்திருந்தால் கிடைத்திருக்கும். நான் திறக்கப் பயந்துகொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவள் பேசிய ஒரு நாள் மறைந்துகொண்டிருந்தது. அன்றைக்கும், நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, மறைந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ராத்திரியே செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மறையும் செய்தியை விரல் வைத்து அழுத்திப் பிடித்தால் அதை நிலையாக வைத்துக்கொள்ளும் தேர்வு ஒன்று வரும், புத்தகக்குறி போன்ற படத்தோடு. 2023-ல் வந்த வசதி. ஒவ்வொன்றாக அப்படிச் செய்தேன். அதில் ஒரு விதி இருக்கிறது: நாம் ஒரு செய்தியை வைத்துக்கொண்டால் அதை அனுப்பியவருக்கு அறிவிப்பு போகும், வேண்டாம் என்று அவர் மறுக்கலாம், அவர் சொல்வதுதான் கடைசி. நியாயமான விதிதான். அந்த ராத்திரி நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் அவள் போனுக்குப் போயிருக்கும். இது போதாது என்று குரல் பதிவுகளை எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் உரையாடலுக்கு மாற்றி, அங்கிருந்து கணினியில் இறக்கினேன். மறையும் வசதி இல்லாத உரையாடலுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பிரதி மறையாது. எழுத்துச் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். விடிந்தபோது 31 குரல் பதிவுகள் கையில் இருந்தன. மிக நீளமானது 4 நிமிடம் 12 நொடி, அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதை. பெரும்பாலானவை “ஏய் கொசு, போனை எடுடி”. உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால், அழுவதற்கு முன்னால் அந்த உரையாடலில் மறையும் வசதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழ நிறைய நாள் இருக்கிறது.

செத்துப்போன பழைய போனை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தரவு மீட்கும் ஒருவரிடம் போனேன். அங்கேதான் பணம் போனது. போனைப் பார்த்தவுடன் “எடுத்துரலாம்” என்றார். முன்பணம், பிறகு ஏதோ கருவி வரவேண்டும் என்று இன்னும் கொஞ்சம், பிறகு சிப்பைத் தனியாகக் கழற்ற இன்னும் கொஞ்சம். மொத்தத்தில் என் அரை மாதச் சம்பளம், 23 நாள். கடைசியில் வரவில்லை என்று ஒரு பிளாஸ்டிக் பையில் துண்டு துண்டாகக் கொடுத்தார். அதன் பிறகு இன்னொருவரிடம் காட்டியபோது அவர் பொறுமையாக விளக்கினார். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில்தான் சேமிக்கப்படுகிறது. பூட்டின் சாவி பிராசஸரோடு பிணைந்தது. நினைவகச் சிப்பை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்தால் கிடைப்பது புரியாத குப்பைதான். அதே போர்டை, அதே பிராசஸரோடு, ஒரு முறையாவது உயிர்ப்பித்தால் மட்டுமே வழி. “கழற்றாம கொண்டு வந்திருந்தீங்கன்னா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம் மேடம்” என்றார். ஆக, முதல் ஆள் பணத்தை மட்டும் வாங்கவில்லை, இருந்த ஒரு வாய்ப்பையும் கழற்றிவிட்டார். துக்கத்தில் இருப்பவர் எந்தத் தொகையைச் சொன்னாலும் கொடுத்துவிடுவார் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தரவு கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் கொடுங்கள். என்ன செய்யப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். கூடவே துக்கத்தில் இல்லாத ஒருவரை அழைத்துப் போங்கள்.

அடுத்தது நான் செய்த தப்பு. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டாவது மாதம் அவள் பிறந்தநாள் வந்தது. பேஸ்புக் எல்லோருக்கும் நினைவூட்ட, யாரோ ஒரு முன்னாள் சக ஊழியர் அவள் பக்கத்தில் “இன்னும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்” என்று கேக் படத்தோடு போட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி நண்பர்களே விண்ணப்பிக்கலாம், இறப்புச் சான்றோ மரண அறிவிப்போ இணைத்தால் போதும். வீட்டாரைக் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரு தொல்லை குறையட்டுமே என்றுதான் நினைத்தேன். சில நாளில் மாறியது. பெயரோடு நினைவுகூர்கிறோம் என்ற பொருளில் ஒரு சொல், பிறந்தநாள் நினைவூட்டல் நின்றது. நல்ல காரியம் செய்ததாக நிம்மதி.

இரண்டு நாள் கழித்து அவள் மகளிடமிருந்து செய்தி. அவளுக்கு 19 வயது, என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். “சித்தி, அம்மா அக்கவுன்ட்டை ஏதாவது பண்ணீங்களா? உள்ளே போக முடியல.” அவள் தினமும் ராத்திரி அம்மாவின் டேப்லெட்டில் அந்தக் கணக்கைத் திறந்து, அம்மா தனக்காகச் சேமித்து வைத்திருந்தவற்றையும், யாருக்கோ எழுதிய செய்திகளையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைவுக் கணக்காக மாறிவிட்டால் சரியான கடவுச்சொல் இருந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அவள் நியமித்திருந்தால் அவரால் சிலவற்றைச் செய்ய முடியும். 2015-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அப்படி நியமித்தவரும் பழைய செய்திகளைப் படிக்க முடியாது. எங்கள் விஷயத்தில் அவள் யாரையும் நியமிக்கவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சித்தி” என்றாள். அதற்கப்புறம் ஏழு வாரம் என் எந்தச் செய்திக்கும் பதில் இல்லை.

தோழிதான், ஆனால் வாரிசு இல்லை என்பது எனக்கு அன்று நன்றாக உறைத்தது. படிவத்தில் என்னைச் சேர்க்கவில்லை என்று புலம்பியவள்தான் நான். அதே நான்தான் அவள் பெற்ற பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் கதவைச் சாத்தியிருக்கிறேன். இறந்தவரின் கணக்கு, படம், பக்கம், எதைத் தொடுவதாக இருந்தாலும், எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும், வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்கும்போது “இதைச் செய்துவிட்டால் இனி உள்ளே போக முடியாது, பரவாயில்லையா” என்று பின்விளைவையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பிறந்தநாள் வாழ்த்தைப் பொறுத்தவரை, வாழ்த்தியவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அவரே நீக்கியிருப்பார். ஒரு நிமிட வேலை.

அவள் கணவரும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார், பாவம். முதல் மாதமே அவள் சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், எதற்கு வீணாகப் பணம் கட்டுவது என்று. பிறகு அவள் கூகுள் கணக்கில் இருக்கும் படங்களை எடுக்கப் போனால், உள்ளே நுழைய அந்த எண்ணுக்குத்தான் குறியீடு வரும் என்றது. எண் கையில் இல்லை. வங்கி, மின்னஞ்சல் எல்லாம் முடியும்வரை, குறைந்தது ஒரு வருடமாவது, இறந்தவரின் எண்ணை உயிரோடு வைத்திருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு வருடம் யாருமே பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கே இதைச் செய்துவைக்கலாம். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நம்மிடமிருந்து அசைவே இல்லையென்றால் நாம் சொன்ன ஆட்களுக்கு, பத்துப் பேர் வரை, நாம் அனுமதித்த தரவு போய்ச் சேரும். ஆப்பிளிலும் அதேபோல் மரபுத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கலாம். நான் இரண்டையும் ஒரே மாலையில் முடித்தேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை, பிறகு தன் போனை எடுத்து அவரும் போட்டார்.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் அசையாமல் இருந்தால் பொதுவாக அழிக்கப்படும். ஒரு நாள் கல்லூரிக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் அவள் இல்லை. இன்னும் சில மாதம் கழித்து அவள் பெயருக்கு நேரே ஒரு புதுப் படம் வந்தது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒரு பையன். எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்படி நடக்கும் என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தப் படத்தை ரயிலில் பார்த்து, அத்தனை பேருக்கு நடுவில் நான் அப்படி உடைந்திருக்க மாட்டேன். அந்தப் பையனுக்கு எந்தச் செய்தியும் அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். “யார் நீங்க?” என்று வந்தது.

பண விஷயம் ஒன்றும் இருந்தது, அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. சில வருடம் முன்பு என் நிலைமை மோசமாக இருந்தபோது அவள் ஒரு தொகை கொடுத்தாள், அப்போதைய என் இரண்டு மாதச் சம்பளம். சீட்டு, கையெழுத்து எதுவும் இல்லை. “இருக்கும்போது குடு” என்றாள். பாதி கொடுத்திருந்தேன். மீதியை யாரிடம் கொடுப்பது? அவள் கணவருக்குத் தெரியுமா என்று தெரியாது. தெரியாமல் கொடுத்திருந்தால், இறந்த பிறகு அவளை ஒரு கேள்விக்கு ஆளாக்குவதாகாதா? இப்படி நல்ல காரணமாகச் சொல்லிக்கொண்டே ஐந்து மாதம் ஓட்டினேன். கொடுக்காமல் இருப்பது வசதியாகவும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. கடைசியில் அவள் கணவரிடம் போய், தொகையை மட்டும் சொன்னேன். எதற்காக வாங்கினேன், எப்போது வாங்கினேன் என்று விரிக்கவில்லை. கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, இன்னது இன்னாரிடம் வாங்கிய கடனின் மீதி என்று ஒரு செய்தியும் எழுதி வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவ இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்திருக்காளோ” என்று சிரித்தார். கோபமாக இல்லை. ஒருவேளை நான் திருப்பிக் கொடுத்ததிலேயே அவருக்குக் கிடைத்தது பணத்தைவிட அந்தச் சிரிப்புதானோ என்னவோ. நண்பர்களுக்குள் கடன் இருந்தால் இருவர் போனிலும் ஒரு வரிச் செய்தியாவது இருக்கட்டும், தொகையும் தேதியும். மறையும் உரையாடலில் வேண்டாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் ராத்திரி மூன்றரை மணிக்கு முழிப்பு வரும். “இன்னுமா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் என் அக்கா. எனக்கே சந்தேகம் வந்தது, தோழிக்கு இவ்வளவு நாளா என்று. ஆஸ்திரேலியாவில் 26,515 பேரின் தரவை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். அவர்களில் 9,586 பேர் நெருங்கிய நண்பர் ஒருவரையாவது இழந்தவர்கள். அவர்களின் உடல்நலமும் மனநலமும் நான்கு வருடம் வரை பாதிக்கப்பட்டிருந்ததாக அது சொல்கிறது. நான்கு வருடம் என்று படித்ததும் பயப்படுவதற்குப் பதிலாக எனக்குத் தோள் இறங்கியது. துக்கம் ஐந்து கட்டங்களாக வரும், ஏற்றுக்கொள்வதில் முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். எலிசபெத் குப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அந்தக் கட்டங்களை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பேட்டி கண்டு, மிஞ்சியவர்களைப் பார்த்து இல்லை. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று தேடித் தேடிக் களைத்ததுதான் மிச்சம். ஏழாவது மாதம் ஒரு ஆலோசகரிடம் போனேன். முதல் நாள் அவர் கேட்டது, “அவங்களைத் தெரிஞ்ச யாரோடயாவது அவங்களைப் பத்திப் பேசுறீங்களா?” இல்லை. அவளைப் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று தோன்றினாலும் எனக்குத் தோன்றிய எண் அவளுடையதுதான்.

அந்த வாரமே மகளிடமிருந்து செய்தி வந்தது தற்செயல்தான். “சித்தி, அம்மா என் வயசுல எப்படி இருந்தாங்க?” அவள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கணவருக்கு அவளை 26 வயதிலிருந்துதான் தெரியும். அவள் அம்மா அப்பா இருவரும் இல்லை. 17-லிருந்து 26 வரையிலான அவள் என் ஒருத்தியிடம்தான் இருந்தாள். வாரிசுப் பட்டியலில் இல்லாத எனக்கு அவள் விட்டுப்போன சொத்து அதுதான் என்று தோன்றியது, அதை இன்னும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் எழுதியது “அன்பானவள், எப்போதும் சிரித்த முகம்” என்று ஒரு பக்கம். படித்துப் பார்த்தால் அவளாகவே இல்லை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். அப்புறம் முறையை மாற்றினேன். குணத்தை எழுதுவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுவது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், அரைப் பக்கம். ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டாள். ஒரு தேர்வுக்கே இருபது நிமிடம் தாமதமாக வந்து, கண்காணிப்பாளரிடம் கடிகாரம் ஃபாஸ்ட் என்று வாதாடினாள். என்னிடம் வாங்கிய எந்தப் புத்தகத்தையும் திருப்பித் தந்ததில்லை. ஒருமுறை ஆறு மாதம் பேசாமல் இருந்தோம், அதில் தப்பு அவள்மேல்தான், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், அதையும் எழுதினேன். மற்ற தோழிகளிடம் “அவளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்” என்று கேட்டால் “ரொம்ப நல்லவ” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். “அவள் உன்னிடம் கோபப்பட்டது எப்போது?” “அவள் அழுது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார்கள். அனுமதி வாங்கி அதைப் பதிவு செய்துகொண்டேன். மூன்று மாதத்தில் நாற்பது பக்கம் சேர்ந்தது. மகளுக்கு அனுப்பும் முன் இரண்டு சம்பவங்களை எடுத்துவிட்டேன். அவை அவள் என்னிடம் மட்டும் சொன்னவை.

மகள் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு மறுநாள் கூப்பிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “சித்தி, பதினாலாம் பக்கம் தப்பு. அம்மா ஆத்துல நீந்துனாங்கன்னு எழுதியிருக்கீங்க. அம்மாவுக்கு நீச்சலே தெரியாது. எனக்குக் கத்துக்குடுக்க முடியலன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க.” நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தாள், நான் கரையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வேற யாரையாவது பார்த்திருப்பீங்க” என்றாள். அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசிவரை அவள் ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான். இப்போது அந்தப் பக்கத்தில் என் பத்திக்குக் கீழே அவள் சாய்ந்த எழுத்தில் மூன்று வரி சேர்த்திருக்கிறாள். அதற்குக் கீழே நான் செருப்பின் நிறத்தை எழுதியிருக்கிறேன்.